கொள்ளைநோய்க்குப் பின் ஒரு பெருநகரம் மீளுமா? மும்பை ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது

கேள்வி இது: “2020 மே மாதம் மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு வந்துவிட்டேன். இங்கேயே ஏதோ வேலை பார்த்து ஓட்டுகிறேன். இப்போது பழைய முதலாளி திரும்பக் கூப்பிடுகிறார். கொள்ளைநோய் புரட்டிப்போட்ட பெரிய நகரம் உண்மையிலேயே மீளுமா? இல்லை, மீண்டதுபோல் வெளியே தெரிகிறதா?”

மீளும். ஆனால் நகரம் மீள்வது ஒரு கணக்கு, அதில் இருந்தவர்கள் மீள்வது இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் ஒருவர் “மும்பை பழையபடி ஆகிவிட்டது” என்கிறார், இன்னொருவர் “எங்கே ஆனது?” என்கிறார். இருவர் சொல்வதும் பொய்யில்லை.

நான் மும்பையில் மாட்டுங்கா என்ற பேட்டையில் வளர்ந்தவன். அந்தப் பேட்டையே ஒரு கொள்ளைநோயின் பின்விளைவாக உருவானது என்பது எனக்குத் தெரிந்தபோது நாற்பது வயதாகிவிட்டது. அதனால் கொரோனாவை விட்டுவிட்டு 1896-இலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில், பம்பாயின் மாண்டவியில், பிளேக் வந்தது. மாண்டவி துறைமுகத்தை ஒட்டிய இடம். தானியக் கிடங்குகளும், கிடங்குக்கு மேலேயே குடியிருப்புகளுமாக நெருக்கியடித்துக் கிடந்தது. எலிகளுக்குச் சொர்க்கம். 1894-இல் ஹாங்காங்கைப் பிடித்த நோய் கப்பலேறி வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கருத்து. அக்காசியோ வியேகஸ் என்ற கோவாக்கார டாக்டர்தான் இது பிளேக் என்று முதலில் சொன்னார். மெட்ரோ தியேட்டருக்கு எதிரே அவர் சிலை இருக்கிறது. தினம் ஆயிரக்கணக்கானவர் கடந்துபோகிறார்கள், யாரென்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். அதிகாரிகள் அவர் பேச்சை ஏற்கத் தயங்கினார்கள். பிளேக் என்று வெளியே சொன்னால் பம்பாய்க் கப்பலை எந்தத் துறைமுகமும் உள்ளே விடாது என்ற பயம்.

1891 கணக்கெடுப்பில் பம்பாயின் ஜனத்தொகை 8,21,764. 1897 தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஏறக்குறைய பாதி நகரம் காலி. கொங்கண் கரையில் ரத்னகிரிப் பக்கம் போகும் ஸ்டீமர்களிலும், ரயிலிலும், நடந்தும் போனார்கள். நோய்க்குப் பயந்து ஓடினார்கள் என்று சொல்வது பாதிதான் சரி. ஆஸ்பத்திரிக்குப் பயந்து ஓடியவர்களும் அதே அளவுக்கு இருந்திருப்பார்கள். நோயாளியைக் கட்டாயமாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தனியே வைக்கலாம் என்று அக்டோபரில் முனிசிபல் கமிஷனர் உத்தரவு போட்டார். வீடு புகுந்து தேடினார்கள், சாமான்களை எரித்தார்கள், கூரை ஓடுகளைப் பிரித்து வெயில் விட்டார்கள், குடியிருக்கத் தகுதியில்லை என்று சுவரில் ‘யு.எச்.எச்.’ எழுதினார்கள். கொண்டுபோனவர் திரும்பி வருவதில்லை. உடலும் சாதி, மத முறைப்படி கிடைப்பதில்லை. அந்த மாதக் கடைசியிலேயே ஆயிரம் பேர் அளவில் மில் தொழிலாளிகள் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள்.

அந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய கஸ்தூர்பா. 2020 மார்ச்சில் மும்பையின் முதல் கொரோனா நோயாளிகளைக் கொண்டுபோன இடம். 1897 பிப்ரவரியில் பிளேக்குக்காக அவசரமாகப் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம் இருக்கிறதே, நாலே பிரிவுகள் கொண்டது, 123 ஆண்டு கழித்து மாநிலங்கள் எடுத்துப் பிரயோகித்ததும் அதையேதான்.

இனி நகரம் எப்படி மீண்டது என்பதற்கு வருகிறேன்.

மருந்தால் மீண்டது என்று சொல்லத் தோன்றும். ஒடெஸாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் 1896 அக்டோபரில் வந்து, கிராண்ட் மெடிக்கல் காலேஜில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, மூன்றே மாதத்தில் தடுப்பூசி கண்டுபிடித்தார். 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். பெரிய சாதனை. பரேலில் அவர் பெயரில் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. ஆனால் பிளேக் அதோடு ஒழியவில்லை. குளிர்காலம் வந்தால் வரும், மழைக்கு முன்னால் அடங்கும், அடுத்த வருஷம் மறுபடி வரும். இருபது ஆண்டுக்கு மேல் இப்படியே போயிற்று. இந்தியா முழுக்க அது ஒரு கோடிப் பேருக்கு மேல் கொன்றது. ஆக, நோய் போன பிறகு பம்பாய் மீளவில்லை. நோய் இருக்கும்போதே மீண்டது. நான் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம் இது.

கணக்கைப் பாருங்கள். 1901 மார்ச்சில், பிளேக் சீசன் நடுவில், கணக்கெடுப்பு எடுத்தபோது 7,76,006 பேர். பத்தாண்டுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. ஒரு பெருநகரம் பின்னால் போயிருக்கிறது. ஆனால் 1906-இல் முனிசிபாலிட்டி தனியாக எண்ணிப் பார்த்தால் 9,77,822. 1921-இல் 11,75,914. ஆக, பத்தாண்டுக்குள் தலைக்கணக்கு பழையதைத் தாண்டிவிட்டது.

ஏன் திரும்பி வந்தார்கள்? மில் நின்ற இடத்தில் நின்றது, துறைமுகம் நின்றது, ரயில் ஓடியது. இது ஒரு காரணம். கிராமத்தில் சோறில்லை என்பது இன்னொன்று. 1896-97-இல் தக்காணத்தில் பஞ்சம். 1899-1900-இல் அதைவிடக் கொடிய பஞ்சம். கொங்கண் பக்கத்துத் துண்டு நிலம் எப்போதுமே மணியார்டரை நம்பித்தான் இருந்தது. பிளேக்கில் செத்தாலும் சாவு, பஞ்சத்தில் செத்தாலும் சாவு என்று கணக்குப் போட்டவன் ஸ்டீமர் ஏறினான். இதை ‘நகரத்தின் உயிர்ப்பு’, ‘மும்பையின் ஆன்மா’ என்றெல்லாம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வேறு போக்கிடம் இல்லாததற்குப் பெயர் ஆன்மா இல்லை.

ஓடிப்போனவர்களிடம் ஒரு பலமும் இருந்தது. அது தங்களுக்கு இருப்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காலத்து மில்லில் மாதச் சம்பளம், அதுவும் மாதம் முடிந்து பல நாள் கழித்துத்தான் கைக்கு வரும். பாதியில் ஓடினால் பாக்கி போச்சு. 1897-இல் ஆள் கிடைக்காமல் மில்கள் திணறியபோது தொழிலாளிகள் தினக்கூலி கேட்டார்கள், அன்றைய காசு அன்றைக்கே வேண்டும் என்று. கொடுத்தார்கள். தெருமுனைகளில் மில் ஆட்கள் நின்று ஒருவருக்கு மேல் ஒருவர் ஏலம் கேட்கிற மாதிரி கூலியை ஏற்றி ஆள் பிடித்திருக்கிறார்கள். முதலாளிகள் கூடி, இப்படியே போனால் கட்டுப்படியாகாது என்று பேசிக்கொண்டார்கள். ஆட்கள் திரும்பி வந்ததும் தினக்கூலி போய்விட்டது. பழைய மாதச் சம்பளம், பழைய பாக்கி.

துப்புரவுத் தொழிலாளர்கள் விஷயமும் இப்படித்தான். அவர்கள் ஓடினால் ஒரு வாரத்தில் நகரம் நாறிப்போய் எல்லோரும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று கமிஷனரே பயந்தார். கட்டாயத் தனிமைப்படுத்தலை அவர் கொஞ்சம் தளர்த்தியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். அவர்கள் ஓடவில்லை, நகரம் பிழைத்தது. அவர்களில் யாருக்கும் மெட்ரோ தியேட்டர் எதிரே சிலை இல்லை.

அடுத்து வீடு. 1898-இல் சட்டம் போட்டு இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நெரிசலை உடைப்பது, காற்றும் வெளிச்சமும் வர வழி செய்வது, ஏழைகளுக்குச் சுகாதாரமான வீடு கட்டுவது அதன் வேலை. பிரின்ஸஸ் ஸ்ட்ரீட், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு இரண்டும் அப்படி வந்தவைதான். மேற்கே கடற்கரைப் பக்கமிருந்து கிழக்கே ஊருக்குள் கடல்காற்று போக வேண்டும் என்று நேராக வெட்டினார்கள். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்ற நம்பிக்கை இன்னும் முழுக்கப் போகாத காலம். எலி மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று 1898-இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் காட்டிவிட்டார். அதை மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவே பல வருஷம் ஆயிற்று. தப்பான காரணத்துக்காகப் போட்ட நல்ல ரோடுகள் அவை. இன்றும் அந்த வழியாகத்தான் போகிறோம்.

ஆனால் டிரஸ்ட் இடித்த வீடு அதிகம், கட்டியது குறைவு. நாக்பாடா பேட்டையில் ஒரு கோலியில், அதாவது ஒற்றை அறையில், குடும்பத்தோடு இருந்தவனைக் கிளப்பிவிட்டால் அவன் எங்கே போவான்? வேலை பக்கத்தில் இருக்கிறது, ரயிலுக்குக் காசில்லை. அடுத்த தெருவில் ‘சால்’ எனும் ஒற்றை அறை வரிசைக் கட்டடத்தில் இன்னொருவன் கோலிக்குள் போய் நெருக்கிக்கொண்டான். ஒரு தெருவில் உடைத்த நெரிசல் அடுத்த தெருவில் கூடியது. வாடகையும் ஏறியது.

வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கம் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை வாங்கி, மேடாக்கி, மனை பிரித்ததும் அதே டிரஸ்ட்தான். தாதர் பார்சி காலனி, ஹிந்து காலனி, எங்கள் மாட்டுங்கா எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்தவை. அகலமான ரோடு, ரோட்டோரம் மரம், கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே கட்டாய இடைவெளி. டைப்பும் சுருக்கெழுத்தும் தெரிந்துகொண்டு மெட்ராஸ் மெயில் ஏறி வந்த தமிழர்களுக்கு 1920, 30களில் வாடகைக்குக் கிடைத்தது இந்தப் புது வீடுகள்தான். அப்புறம் கோவில், பஜனை, 1932-இல் எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம், மெஸ், காப்பிப்பொடிக் கடை, பூக்கடை என்று ஊரே வந்து சேர்ந்தது. சின்ன வயதில் எங்கள் தெருவில் காற்று நன்றாக வரும். பிளேக்கில் செத்தவர்கள் கணக்கில் வந்த காற்று என்று அப்போது யார் சொன்னார்கள்?

மாட்டுங்காவுக்குப் பக்கத்திலேயே, ரயில்பாதைக்கு அந்தப்புறம், தாராவி. திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் தொட்டிகள் போட்டார்கள். பின்னாலேயே அதே ஜில்லாவிலிருந்து கூலி வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். ஊருக்குள் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்களையும் ஆட்களையும் அன்றைய எல்லைக்கு வெளியே தள்ளிய இடம் அது. கடல்காற்றுக்கு ரோடு போட்ட டிரஸ்ட் அங்கே மனை பிரிக்கவில்லை. ஒரே கொள்ளைநோய்க் காலத்துக்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு தமிழ்ப் பேட்டைகள். ஒன்றுக்குத் திட்டம் கிடைத்தது, மற்றது தானாக முளைத்தது. “பம்பாய் மீண்டது” என்று சொல்லும்போது எந்தப் பேட்டையைச் சொல்கிறோம்?

எல்லா நகரமும் மீண்டுவிடுமா என்றால், இல்லை. பக்கத்திலேயே பழைய கோவா இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே இரண்டு லட்சம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். காலராவும் மலேரியாவும் மாறி மாறி அடித்தன. 1759-இல் போர்த்துக்கீசிய வைசிராயே பஞ்சிமுக்குக் குடிபோய்விட்டார். 1843-இல் தலைநகரும் அதிகாரபூர்வமாக அங்கே போயிற்று. இன்று போனால் பெரிய பெரிய தேவாலயங்கள் நிற்கின்றன, நடுவில் ஊர் இல்லை. நோய் மட்டும் அதைச் செய்யவில்லை. அதே காலத்தில் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியர்களின் வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பம்பாய்க்குத் திரும்பி வர மில் இருந்தது. கோவாவுக்குத் திரும்பி வர மிளகு இல்லை.

வேகமாக மீண்ட ஊரும் உண்டு. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக். சில நாளுக்குள் லட்சக்கணக்கானவர் ஊரைக் காலி செய்தார்கள். சாவு ஐம்பது, அறுபது அளவில்தான், பீதிதான் பெரியது. வைரப் பட்டறை, விசைத்தறி ஆட்கள் ஒடிசா, சௌராஷ்டிரம் என்று ஊர் ஊராய்ப் போனார்கள். அடுத்த ஆண்டு எஸ்.ஆர். ராவ் என்ற கமிஷனர் வந்து, அதிகாரிகளை ஏ.சி. அறையிலிருந்து கிளப்பித் தினமும் தெருவுக்கு அனுப்பி, குப்பையை அள்ள வைத்தார். நாட்டிலேயே அழுக்கான ஊர்களில் ஒன்று என்று பெயரெடுத்தது, இரண்டே ஆண்டில் சண்டிகருக்கு அடுத்த சுத்தமான நகரம் என்று பெயர் வாங்கியது. 1991-இல் சுமார் 15 லட்சமாக இருந்த ஜனத்தொகை 2001-இல் 24 லட்சம். பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன, மேலே ஒருவர் ஒழுங்காக வேலை செய்தார். இரண்டும் ஒரே நேரத்தில் அமைவது அபூர்வம்.

சரி, 2020. அந்த ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று. இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் எட்டு, ஒன்பது லட்சம் பேர். அழிந்தே போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை உதாரணமாகச் சொன்னார். வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்து, பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் முகாமாக்கித் தொற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஏராளமானவர்கள் ஊருக்குப் போயிருந்ததும் உதவியது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. போனவர்களில் நீங்களும் ஒருவர்; கங்கைகொண்டான் சோதனைச்சாவடியில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பிளேக் காலத்து ரத்னகிரி ஸ்டீமர் மாதிரிதான்.

லோக்கல் ரயிலைப் பார்த்தால் மீட்சியின் வரிசை தெரியும். முன்பு தினம் 75 முதல் 80 லட்சம் பேர் போவார்கள். மார்ச்சில் நின்றது. ஜூனில் அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும், அக்டோபரில் பெண்களுக்கு, 2021 பிப்ரவரியில் நேரம் குறித்து எல்லோருக்கும். ஏப்ரலில் மறுபடி நிறுத்தம். ஆகஸ்ட் 15 முதல் இரண்டு ஊசி போட்டவர்களுக்கு. அதாவது விராரிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வரும் கடைச் சிப்பந்தி ஒருவர் ஒன்றரை ஆண்டு பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் சம்பளத்தைத் தொலைத்தார், இல்லையென்றால் வேலையைத் தொலைத்தார். அதே காலத்தில், 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, வீடு வாங்குவோருக்கு முத்திரைத் தீர்வையை 5 சதவீதத்திலிருந்து 2 ஆக மாநில அரசு குறைத்தது. பத்திரப்பதிவு குவிந்தது. ரயில் ஏற முடியாத நகரத்தில் வீடு விற்பனை சூடு பிடித்தது! எந்த மும்பை முதலில் மீண்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதற்குப் பிறகு புது மெட்ரோ பாதைகள், 2024-இல் அடல் சேது என்ற கடல் பாலம், கடற்கரை ரோடு என்று வரிசையாகத் திறந்தார்கள். அலுவலகங்கள் நிரம்பிவிட்டன, வீட்டிலிருந்தே வேலை என்பது ஐ.டி., பேங்க் ஆட்களுக்கு வாரத்தில் ஓரிரு நாளாகச் சுருங்கிவிட்டது. அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. தாராவியையே இடித்துக் கட்டும் திட்டம் நடக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தவருக்கு அங்கேயே வீடு. பிந்தி வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறிடத்தில்தான், அதற்கும் நிபந்தனை உண்டு. காற்றும் வெளிச்சமும் என்று அன்று டிரஸ்ட் சொன்ன அதே பேச்சு இன்றும் கேட்கிறது. புது வீடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பத்துக்குப் பத்தில் ஏழு பேர் படுத்தெழுவதைப் பெருமையாகப் பேசுவது, அங்கே படுக்காதவர்கள் செய்கிற காரியம். ஆனால் இடித்த கணக்கையும் கட்டிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நகரத்துக்கு ஒன்றும் ஆகாது. வேலை இருக்கிறது, ஆள்தான் தேடுகிறார்கள். முதலாளி தானாகக் கூப்பிடுகிறார் என்றால் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 1897-இல் தெருமுனையில் நின்றவர்களிடம் இருந்தது இன்று உங்களிடம் இருக்கிறது, ஆட்கள் திரும்பி வந்து சேரும்வரைதான் அது இருக்கும். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சம்பளம் எத்தனை தேதிக்குள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பாரா, தங்க இடம் தருவாரா என்று கேட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். இடம் தரவில்லை என்றால் நீங்கள் 2019-இல் கொடுத்த வாடகையை மறந்துவிடுங்கள்; டிபாசிட்டும் கூடிவிட்டது, பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் ஏற்றுவார்கள். பழைய அறைக்காரர்கள் யாராவது இன்னும் இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்வது நல்லது. வேலை எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். தானே, கல்யாண் பக்கம் என்றால் வாடகை நிலவரத்தை நானே விசாரித்துச் சொல்கிறேன்.